டைஸ் மேட்டுக் கப்பலும் ஒன்பது விதிகளும்

ஆஸ்பரி டைஸ் எழுபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றுள் முப்பது ஆண்டுகளைத் தாம் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதில் செலவிட்டார். கடைசி மூன்று ஆண்டுகளை, அவ்வாறு திரும்பப் பெற முயன்றதைத் திரும்பப் பெறுவதில் செலவிட்டார். முதல் துன்பம் அவரே தேடிக்கொண்டது. இரண்டாவதற்குக் காரணம் நான். இதனை முதலிலேயே எழுதிவிடுவது முறை.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், எங்கள் ஹெரன் தீவுக்கு மேற்கே முக்கால் மணி நேரப் படகுப் பயணத்தில், ஆழமில்லாத ஓர் இடம் உண்டு. அதன் பெயர் டைஸ் மேடு. வரைபடத்தில் அப்பெயர் இல்லை. சட்டப்படி அது எவருக்கும் சொந்தமும் அன்று. ஆயினும் ஆஸ்பரியின் தந்தையும் அவருடைய தந்தையும் குளிர்காலம்தோறும் அங்கே நின்று நீண்ட இரட்டைக் கழிகளால் உண்ணும் சிப்பி அள்ளினார்கள். கோடையில் அங்கேயே நண்டு பிடித்தார்கள். வேறு படகு அங்கே நின்றதில்லை. பிறருக்கு நிலம் இருந்தது போல ஆஸ்பரிக்கு அந்த மேடு இருந்தது. அது தண்ணீருக்கு அடியில் இருந்தது என்பது ஒன்றே வேறுபாடு.

தீவின் பேச்சைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. எங்கள் மக்கள், மனம் வந்தபோதெல்லாம், நினைப்பதற்கு நேர்மாறாகப் பேசுவார்கள். மழை கொட்டும்போது பயங்கர வறட்சி என்பார்கள். அழகான பெண்ணைப் பார்த்து, பாவம், இவளை யார் கட்டிக்கொள்வார் என்று வருந்துவார்கள். இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஓர் அணி உண்டு. பிற இடங்களில் அது அணி, எங்கள் தீவிலோ அன்றாட உடுப்பு. பேசுபவரின் கடைசிச் சொல்லில் ஓர் இழுப்போ, தாடையில் ஒரு சிறு தூக்கலோ இருக்கும். தீவில் பிறந்தவர் அதனைத் தவறவிடமாட்டார். கரையிலிருந்து வந்தவர் அதனைக் கண்டதே இல்லை. நான் 1922ஆம் ஆண்டில் பள்ளி ஆசிரியனாக இங்கு வந்தேன். அது எனக்குப் பிடிபட நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை என் சமையலை எல்லாரும் பாராட்டுகிறார்கள் என்றே எண்ணியிருந்தேன்.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கடற்படை அதிகாரி ஒருவர் தீவுக்கு வந்தார். அவருக்கு ஆழமற்ற, பயனற்ற, எவருக்கும் வேண்டாத ஓர் இடம் தேவைப்பட்டது. கடற்படையிடம் ஒரு பழைய போர்க்கப்பல் இருந்தது. அதன்மீது புதிய பீரங்கிகளால் சுட்டு, குண்டு பட்டால் போர்க்கப்பலுக்கு என்ன நேரும் என்பதைக் கண்டறிய விரும்பினார்கள். அதிகாரி படகுத்துறைக் கடைக்குள் நுழைந்தபோது, ஆஸ்பரி தம் மார்பளவு குவிந்திருந்த சிப்பியின்மேல் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. ஹெட்டியை மணந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதிகாரி வரைபடத்தை விரித்து, டைஸ் மேட்டின்மேல் விரலை வைத்து, இங்கே ஏதேனும் கிடைக்குமா என்று வினவினார்.

"அங்கயா? வெறும் சேறு சார்," என்றார் ஆஸ்பரி. "சிப்பின்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது. படத்துலதான் பாத்திருக்கோம்."

கடையில் இருந்தவர்கள் தத்தம் காலணிகளைக் கூர்ந்து நோக்கினார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். பின்பு, அங்கே பெரிய கப்பல் ஒன்றை நிறுத்தினால் தொந்தரவாக இருக்குமா என்று கேட்டார்.

"தொந்தரவா? நாங்க அதுக்குத்தான தவம் கெடக்கோம். கொண்டாங்க. முடிஞ்சா எங்க வீட்டு வாசல்லயே கட்டிப்போடுங்க."

கடை குலுங்கிற்று. அதிகாரியும் உடன் சிரித்தார். அவருடைய அறிக்கையின் பதினோராம் பத்தியை நான் பிற்காலத்தில் படித்திருக்கிறேன். உள்ளூர்வாசி ஆ. டைஸ் அளித்த வாக்குமூலத்தின்படி அவ்விடத்தில் சேற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. கப்பலின் வருகையை மக்கள் ஆவலுடன் எதிர்நோக்குகின்றனர். இத்தீவினர் மகிழ்ச்சியான இயல்பினர். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத பத்தி அது.

அன்று மாலை ஆஸ்பரி இதனை வேடிக்கையாக ஹெட்டியிடம் சொன்னார். ஹெட்டி சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அந்த ஆளுக்குப் புரிஞ்சிதா?" என்று மட்டும் கேட்டாள்.

"எப்படிப் புரியாமப் போவும்? சிப்பி மேலயே சாஞ்சிக்கிட்டுல்ல நின்னேன்."

மே மாதம் நான்கு இழுவைப் படகுகள் போர்க்கப்பலை இழுத்துவந்து டைஸ் மேட்டின் நடுவில் தரைதட்ட வைத்தன. தண்ணீர் விட்டு உள்ளறைகளை நிரப்பியதும் அது சிப்பிகளின்மேல் அமர்ந்துகொண்டது. ஒரு காலத்தில் அக்கப்பல் ஒரு மாநிலத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அதே பெயரில் புதிய கப்பலொன்று கட்டப்படவே, பழையதிடமிருந்து பெயரைப் பறித்துப் புதியதற்குச் சூட்டிவிட்டு, பழையதற்கு எவரும் கேள்விப்படாத ஒரு போர்க்களத்தின் பெயரைக் கொடுத்தார்கள்: சான் லோரென்சோ. சொந்தப் பெயரோடு ஒன்றைச் சுடுவது முறையாகாது என்று கருதினார்கள்போலும். தீவினருக்கு அப்பெயர் வாயில் நுழையவில்லை. கப்பலை அவர்கள் லாரன்ஸ் என்று அழைத்தார்கள், பக்கத்து வீட்டில் குடிவந்தவனை அழைப்பது போல.

லாரன்சை மூன்று நாள் சுட்டார்கள். தீவில் சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. அடுக்குகளிலிருந்து தட்டுகள் விழுந்தன. கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. மனிதருக்கு என்ன ஆகும் என்பதையும் அறியும்பொருட்டு, மரத்தூள் திணித்த பொம்மைகளுக்குச் சீருடை அணிவித்துக் கப்பலின் பல இடங்களில் நிறுத்தியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று மிதந்து வந்தது. தொலைவிலிருந்து அதனைக் கண்ட ஆஸ்பரி, இறந்த மாலுமி என்று எண்ணி, தொப்பியைக் கழற்றிவிட்டுப் படகில் தூக்கிக் கிடத்தி, தலை குனிந்தவாறே கரைசேர்த்தார். போதகரும் வந்துவிட்டார். காலரைத் தளர்த்தியபோது மரத்தூள் கொட்டிற்று. போதகர் பாதியில் நிறுத்திய வேண்டுதலை முடிப்பதா வேண்டாவா என்று சிறிது நேரம் விவாதித்தார்கள். முடிப்பதே நல்லது என்று முடிவாயிற்று. மேற்சட்டையை ஆஸ்பரி வைத்துக்கொண்டார். இடப்புறம் விலாவில் ஒரு துளை இருந்தது. ஹெட்டி அதனைத் தைத்துக் கொடுத்தாள். இருபது குளிர்காலங்களுக்கு அச்சட்டை உழைத்தது. கடற்படையிடமிருந்து டைஸ் குடும்பத்துக்குக் கிடைத்தது அது ஒன்றே.

குண்டு பட்டால் போர்க்கப்பல் சேதமடையும் என்னும் முடிவு நான்கு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. கப்பல் அங்கேயே விடப்பட்டது. அதன் அடியில் சிப்பிகள் நசுங்கின; சுற்றிலும் இருந்தவற்றைக் குண்டுகள் கிளறிய சேறு மூடிற்று. ஆஸ்பரி அந்த இலையுதிர்காலத்தில் கழிகளை இறக்கியபோது இரும்புத் துண்டுகளே மேலே வந்தன. அதன்பின் அவர் பிறருடைய படகில் கூலிக்குச் சென்றார். வாயால் கெட்டவர் என்று எவரும் அவரைப் பழிக்கவில்லை. "டைஸ் மாதிரி வாய் சாமர்த்தியம் யாருக்கு வரும்" என்று பாராட்டினார்கள்.

1913 முதல் அவர் மனு எழுதினார். அம்மேட்டில் சிப்பி இருந்தது, கப்பலை எடுத்துவிடுங்கள், நான் சொன்னதன் பொருள் அதுவன்று: இவ்வளவுதான் மனு. விடையும் ஆண்டுதோறும் ஒன்றே. உள்ளூர்வாசி ஆ. டைஸின் வாக்குமூலத்தின்படி அவ்விடம் பயனற்றது, ஆதலால் ஆ. டைஸின் கோரிக்கையை ஏற்பதற்கில்லை.

நான் வந்த பிறகு மனு எழுதும் பணி என்னிடம் வந்தது. ஆஸ்பரியின் மனுக்கள் தோற்றமைக்கு நிறுத்தக்குறிகளே காரணம் என்று அக்காலத்தில் உறுதியாக நம்பினேன். பன்னிரண்டு ஆண்டுகள் பிழையற்ற மனுக்களை எழுதிப் பிழையற்ற மறுப்புகளைப் பெற்றோம். 1934ஆம் ஆண்டில், நோயின் வேரையே களைவது என்று தீர்மானித்தேன். தலைகீழ்ப் பேச்சின் இலக்கணத்தை ஒன்பது விதிகளாக வகுத்து, எடுத்துக்காட்டுகளுடன் பதினாறு பக்கம் எழுதி, மனுவுடன் இணைத்தேன். 1912ஆம் ஆண்டு வாக்குமூலத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்பதை மெய்ப்பிப்பதே நோக்கம்.

மூன்று விதிகளை மட்டும் இங்கே குறிப்பது போதும். மூன்றாம் விதி: தாடை நீங்கலாகப் பேசுபவரின் முகம் எவ்வளவு அசையாதிருக்கிறதோ, பொருள் அவ்வளவு உறுதியாகத் தலைகீழானது. ஆறாம் விதி: பேசுபவர் நேராகவே பேசுகிறார் என்று உடனிருப்பவர் உறுதி கூறினால், அவரும் தலைகீழாகவே பேசுகிறார். ஒன்பதாம் விதி: சாவு வீட்டிலும் புயலில் அகப்பட்ட படகிலும் மட்டும் தீவினர் நேராகப் பேசுவர்.

ஆஸ்பரிக்குப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"இதுல ஓட்டையே இல்ல வாத்தியாரே," என்றார். நான் மகிழ்ந்தேன்.

கடற்படையிடமிருந்து ஒரு வரி வந்தது: கோப்பில் சேர்க்கப்பட்டது.

அதற்குப்பின் ஏறத்தாழ எட்டு மனுக்கள் அனுப்பியிருப்போம். இதற்கிடையே போர் வந்தது; விமானங்களிலிருந்தும் லாரன்சின்மேல் குண்டு போட்டுப் பழகினார்கள். மேல்தளம் போயிற்று, புகைபோக்கிகள் போயின, அலைமட்டத்துக்குச் சற்றுக் கீழே துளைபட்ட இரும்பு எலும்புக்கூடு எஞ்சியது. துளை என்றால் எத்துணைத் துளை! அவை ஒவ்வொன்றிலும் மீன் குடியேறிற்று. விரிகுடாவில் வேறு எங்கும் இல்லாத அளவுக்கு மீன். சிப்பிகள் பிற இடங்களிலும் நோயால் அழிந்துகொண்டிருந்த காலத்தில், ஆஸ்பரி ஒரு நாள் லாரன்சின் விலாவுக்குள் தூண்டிலை இறக்கி, மாலைக்குள் படகை நிரப்பிக்கொண்டு வந்தார். பழைய வழக்கப்படி அங்கே வேறு படகு நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் டைஸ் மேடு மீண்டும் டைஸுக்கே வந்தது. அவர் சொந்தப் படகு வாங்கினார். மகனையும் உடன் சேர்த்துக்கொண்டார். 1943க்குப் பின் மனு எழுதுவதை நிறுத்திவிட்டோம். அனுப்பியவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று எங்கள் இருவருள் ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பது மனுக்களுக்குச் செவிசாய்க்காத அலுவலகம், மனு வராததைக் கண்டு விழித்துக்கொள்ளும் என்று யார் எதிர்பார்ப்பார்?

1958ஆம் ஆண்டு செப்டம்பரில் கடிதம் வந்தது. ஆ. டைஸின் நெடுநாளைய கோரிக்கை பரிவுடன் ஏற்கப்பட்டது; கப்பல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, எஞ்சியது சேற்றுக்கு அடியில் புதைக்கப்படும்; இறுதி விசாரணைக்கு லெப்டினன்ட் வார்டுவெல் என்பவர் வருவார்.

நான் கடிதத்தைப் படித்துக் காட்டி முடித்தபோது ஆஸ்பரி தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதை நிறுத்தினார். அவருக்கு வயது எழுபத்தாறு. மகனுக்குப் பிழைக்க வேறு இடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் நேராகப் பேசவேண்டும் என்று ஹெட்டி ஆணையிட்டாள். ஒரு வாரம் என் வீட்டில் பயிற்சி நடந்தது. தாடை தூக்கக் கூடாது. கடைசிச் சொல்லை இழுக்கக் கூடாது. ஒரே வாக்கியம், எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. ஐந்தாம் நாளில் அவர் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. நான் அவரைப் பாராட்டினேன். மூன்றாம் விதி எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை, இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

லெப்டினன்ட் வார்டுவெல் இளைஞர், மிகவும் பணிவானவர், கற்றுக்கொண்டு வந்தவர். கடையில் அமர்ந்து கோப்பைத் திறந்தார். மேலாக இருந்தது என் ஒன்பது விதிகள், புதிதாகத் தட்டச்சு செய்யப்பட்டு. பலமுறை படியெடுத்ததில் என் பெயர் உதிர்ந்துபோய், 'ஒரு மொழியியல் வல்லுநர் அளித்தது' என்றிருந்தது. சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார். ஒரு நல்ல மாணவனின் நோட்டுப் போல இருந்தது.

ஆஸ்பரி சிறந்த கோட்டு அணிந்து வந்திருந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கல்லைப் போன்ற முகத்துடன் சொன்னார்.

"கப்பல உடைக்காதீங்க சார். இப்ப எங்க பொழப்பே அதுலதான் இருக்கு."

லெப்டினன்ட் மூன்றாம் விதியைப் பார்த்தார். அவருடைய முகம் இளகிற்று. முன்னோர் செய்த பிழையைத் தாம் செய்யப்போவதில்லை என்னும் பெருமிதம் அதில் தெரிந்தது. "புரியுது மிஸ்டர் டைஸ்," என்றார் மென்மையாக. "இந்தத் தடவ எங்களுக்கு நல்லாப் புரியுது."

நான் எழுந்தேன். இவர் நேராகத்தான் பேசுகிறார் என்றேன். லெப்டினன்ட் நான் இத்தீவில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறேன் என்று கேட்டார். முப்பத்தாறு என்றேன். பக்கத்தைத் திருப்பி, ஆறாம் விதியின்மேல் விரலை வைத்து, நட்புடன் கண்ணைச் சிமிட்டினார்.

"அந்த விதிய எழுதுனதே நான்தாங்க," என்றேன்.

"அப்படின்னா நீங்க எழுதல," என்றார் அவர். மறுக்க இயலாத தருக்கம். என் மாணவர் எவரும் விதிகளை அவ்வளவு செம்மையாகக் கையாண்டதில்லை.

ஆஸ்பரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கு உதவக்கூடியது ஒன்பதாம் விதி ஒன்றே. ஆனால் வெளியே காற்று அசையவில்லை, கடையில் பிணமும் இல்லை. அவருக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும்.

"நான் இங்கயே செத்துக் காட்டுனா ஒத்துக்குவீங்களா சார்?"

லெப்டினன்ட் மனமாரச் சிரித்தார். இத்தீவினர் மகிழ்ச்சியான இயல்பினர் என்பதைத் தாமும் எழுதிக்கொண்டார்.

அவருடைய படகு சென்றபின் நானும் ஆஸ்பரியும் துறையில் நின்றோம். மன்னிப்புக் கேட்பதற்கான சொற்களை நான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்க மாதிரி இலக்கணம் தெரிஞ்சவர் கெடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும் வாத்தியாரே."

அவர் தாடையை உற்றுநோக்கினேன். தொப்பியை அணிந்துகொண்டிருந்த கை மறைத்ததால் தெரியவில்லை.

1959ஆம் ஆண்டு ஏப்ரலில் லாரன்சைத் தகர்த்தார்கள். மனிதர் அதன்மீது தொடுத்த குண்டுகளுள் மிகுந்த நன்னோக்கத்துடன் வைக்கப்பட்டவை அவையே. செத்த மீன்கள் மூன்று நாள் கரையொதுங்கின. அவற்றுக்குப் பின் மீனே இல்லை. மகன் வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை தேடப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஓர் அச்சிட்ட படிவம் வந்தது. பணி முடிந்தபின் அவ்விடத்தின் நிலை குறித்து மனுதாரரின் வாக்குமூலம் கோப்பை மூடுவதற்குத் தேவை. ஆஸ்பரி என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு டைஸ் மேட்டுக்குச் சென்றார். தூண்டிலை இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தோம். இரையைத் தொட எதுவும் வரவில்லை. அவர் நூலைச் சுருட்டினார்.

"மீன் குமிஞ்சி கெடக்கு. அப்படியே எழுதுங்க," என்றார்.

நான் எழுதுகோலை எடுத்தேன். முன்னைப் பழக்கத்தால், இதை நேராக எடுத்துக்கொள்ள வேண்டுமா தலைகீழாகவா என்று அடியில் ஒரு குறிப்புச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"அத அவங்களே முடிவு பண்ணட்டும். அம்பது வருசமா அவங்கதான பண்றாங்க."

குறிப்பு எதுவும் சேர்க்காமல் அனுப்பினேன். நான் எழுதியவற்றுள் மிகச் சுருக்கமானது அதுவே, மூன்றே சொற்கள்.

ஆஸ்பரி 1961ஆம் ஆண்டு பிப்ரவரியில், படகை மராமத்துச் செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார், எழவில்லை. தீவின் வழக்கப்படி வீட்டு முன்முற்றத்தில், தந்தைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். அவர் நல்லவர், வாய்தான் கொஞ்சம் அதிகம் என்று எல்லாரும் நேராகவே சொன்னார்கள். அடக்கத்தன்று காலை அஞ்சல் படகில் ஒரு கடிதம் வந்தது. ஆ. டைஸ் பெயருக்கு வந்ததாகையால், அவரை வெளியே எடுக்கும் முன் படித்துவிடுமாறு ஹெட்டி சொன்னாள். பெட்டியருகே நின்று படித்தேன்.

மனுதாரரின் வாக்குமூலம் உரிய விதிகளின்படி ஆராயப்பட்டது. அதன் உண்மைப் பொருளின்படி அவ்விடத்தில் மீன் சிறிதும் இல்லை என்பதும், அது எவருக்கும் பயன்படாத இடம் என்பதும் தெளிவாகின்றன. எனவே, விரைவில் பணியிலிருந்து விலக்கப்படவுள்ள கப்பல் ஒன்றைச் சோதனைக்காக அங்கே நிறுத்தக் கருதப்பட்டுள்ளது. இதில் மனுதாரருக்கு மறுப்பு உண்டா என்பதைத் தெரிவிக்கவும்.

எவரும் சிரிக்கவில்லை. மகன் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தான். துளையுள்ள கப்பலில் மீன் சேர எத்தனை ஆண்டு ஆகும் என்று அருகிலிருந்தவரிடம் மெல்லக் கேட்டான். ஹெட்டி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மறுப்பு இல்லன்னு எழுதுங்க வாத்தியாரே. கப்பல் எத்தன அடி நீளம்னும் கேளுங்க. நல்லாச் சுடச் சொல்லுங்க, பெரிய பெரிய ஓட்டையா இருக்கட்டும்."

அடக்கம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து எழுதினேன். சாவு வீட்டில் சொன்னதாகையால், ஒன்பதாம் விதிப்படி, அவள் சொன்னது சொன்னபடியே. கையொப்பத்துக்கு மேலே, இது எந்த இடத்தில், எந்த நேரத்தில் சொல்லப்பட்டது என்பதையும் குறித்தேன். இம்முறை என் பெயரையும் முழுமையாக எழுதினேன்.